இனாஸின் வாயில் ஆண்டவர்

பல் செட்டைக் கழுவி மாட்டிவிட்டதுதான் பியதாத் தன் புருஷனுக்குச் செய்த கடைசி வேலை. கொல்லைப்புறத் துவைகல்லில் வைத்து உப்பும் கரித்தூளும் போட்டுத் தேய்த்தாள். மே மாதத்து வெயில் காலையிலேயே முதுகில் ஏறியிருந்தது; கிணறு வற்றி, தண்ணீரும் உப்புக் கரிக்க ஆரம்பித்திருந்தது. கட்டிலில் மூன்று தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்த இனாஸ், ஆச்சா ஆச்சா என்று உள்ளேயிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கி, நெஞ்சில் நீர் கோத்து, மட்காவ் டாக்டர், இனி வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்று சொல்லி அனுப்பிய பிறகும் அவருடைய அதிகாரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

நன்மை வாங்குவதற்குப் பல் எதற்கு என்று அவள் கேட்டுப் பார்த்தாள். நன்மையாகச் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தைக் கடிக்கக் கூடாது, பல்லே படக் கூடாது என்றுதானே சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். மேல்செட்டில் போய் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

"பஞ்சாயத்துத் தலைவர் வந்தப்பவே சட்டை மாத்திக்கிட்டு உக்காந்தவன் நான்," என்றார் இனாஸ். "இன்னிக்கி ஆண்டவரே வீடு தேடி வர்றாரு. அவருக்குப் பொக்கை வாயையா திறந்து காட்டறது? மாட்டு."

மாட்டினாள். அவர் ஒருமுறை கடித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

அவர் நன்மை வாங்கிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. ஆற்று நடுவில் இருந்த அந்தத் தீவில் அதன் கதை தெரியாதவர் கிடையாது. ஒரு பெருநாளுக்கு முதல் நாள், கன்னியர் மடத்திலிருந்து அப்பம் கொண்டுவந்த படகு கவிழ்ந்துவிட்டது. அன்றைக்கு இருந்த பழைய பங்குச் சாமியார் இனாஸைக் கூப்பிட்டு, நீதானே ரொட்டிக்காரன், மெல்லிசாகப் புளிக்காத அப்பம் சுட்டுக்கொடு என்று கேட்டார். இனாஸுக்குத் தலைகால் புரியவில்லை. குளித்து, புதுத் துண்டு கட்டி, கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துத்தான் பிசைந்தார். பிசைந்தது மட்டும் வழக்கமான மரத்தொட்டியில். தினமும் கள் ஊற்றி மாவு புளிக்கவைக்கிற தொட்டி அது. கழுவினாலும் அதன் மரத்துக்குள்ளேயே கள் ஊறிக் கிடந்தது. விடிகாலையில் அடுப்பைத் திறந்தபோது அப்பங்கள் எல்லாம் தவளை வயிறுபோல உப்பியிருந்தன. புளித்த அப்பத்தைப் பூசையில் வைக்க முடியாது. பழைய சாமியார் அதை அந்த அளவில் விட்டிருக்கலாம். பிரசங்கத்தில் எடுத்து, ஆண்டவருக்குப் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்த ஆள் நம் ஊரில் இருக்கிறார் என்றார். கோயில் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து இனாஸ் பூசைக்கு வந்தாலும் வாசல் மண்டபத்தைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நன்மை வாங்குகிற நேரத்தில் பியதாத் மட்டும் தனியாகப் போய் முட்டிபோடுவாள். பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டுத்தான் முட்டிபோடுவாள். அந்த இடத்தில் யாராவது வந்து சேர்ந்துகொள்வார்கள்.

அவரை வாங்கவைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் இந்த மாதங்களில் அவளுடைய வேண்டுதல். பிழைக்கவைக்கச் சொல்லிக்கூட அவள் அவ்வளவு கேட்கவில்லை. புதிதாக வந்த அர்க்காஞ்சு சாமியார் பொறுமைக்காரர். வாராவாரம் வந்து ரொட்டி பற்றியே பேசிவிட்டுப் போவார். மாதத்து முதல் வெள்ளியில் நோயாளிகளுக்கு வீட்டிலேயே நன்மை கொடுப்பார்கள்; இந்த முதல் வெள்ளிக்கு இனாஸ் தானாகவே, சரி கொண்டுவரச் சொல்லு என்றார்.

சாமியார் கழுத்தில் அப்பம் வைத்த பட்டுப் பையைத் தொங்கவிட்டு, நெஞ்சோடு கையால் அணைத்தபடி வந்தார். முன்னால் கோயில்பிள்ளை பொனிபாஸ் மணியடித்துக்கொண்டு, மெழுகுவர்த்திக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐம்பது வயதுக்காரன், ஞானோபதேசப் பரீட்சையில் மறைமாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவன், அதை மறக்கிற பழக்கம் அவனுக்கில்லை. பாவசங்கீர்த்தனம் நடக்கும்போது எல்லோரும் வெளியே நின்றார்கள். அது நெடுநேரம் நடந்தது. நடுவில் ஒரு தடவை சாமியார் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அப்பத்தை நாக்கில் வைத்து, ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து, சிலுவை வரைந்துவிட்டுச் சாமியார் ஓடினார். அக்கரையில் இன்னொரு கிழவர் காத்திருந்தார், கடல் ஓதம் இறங்கி ஆற்றில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. வற்றிவிட்டால் தோணி சேற்றில் நின்றுவிடும்.

பியதாத் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இனாஸ் நாக்கை மேலும் கீழும் துழாவிக்கொண்டிருந்தார். கன்னம் அசைந்தது. பிறகு விரலை மேல்நோக்கிக் காட்டி, "மேல ஒட்டிக்கிச்சு," என்றார்.

இன்னும் கொஞ்சம் தண்ணீர் தரட்டுமா என்று அவள் கேட்டாள். எழுந்து போய் மொண்டாள். குவளையோடு திரும்பியபோது அவர் கண் ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது.

அடுத்த வீட்டு லிபராத் முதலில் வந்தாள். பியதாத்தைக் கட்டிக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாரு என்று கேட்டாள். எல்லோரும் கேட்பதுதான். பியதாத்தும் உள்ளதைச் சொன்னாள். லிபராத் கட்டிப்பிடித்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள், கட்டிலைப் பார்த்தாள், அப்படியே பின்னால் நகர்ந்து வாசலுக்குப் போனாள். சாமியாரைத் தோணி ஏற்றிவிட்டு, மெழுகுவர்த்திக் கூண்டை எடுத்துப்போகத் திரும்பிவந்த பொனிபாஸ் வாசலில் நின்றிருந்தான்.

பொனிபாஸ் உள்ளே வந்து கட்டிலுக்கு இரண்டு அடி தள்ளி நின்றான். பியதாத் கைக்குட்டையை நீளமாக மடித்து, இனாஸின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டப் போனாள். உடம்பு விறைக்குமுன் கட்டாவிட்டால் வாய் அப்படியே நின்றுவிடும்.

"தொடாதீங்க," என்றான் பொனிபாஸ். "ஆண்டவர் உள்ள இருக்காரு."

அவன் அதை விளக்கினான். பூசையில் சாமியார் வசனம் சொன்ன பிறகு அது அப்பம் இல்லை, ஆண்டவருடைய உடல். பார்க்க அப்பம், ருசிக்க அப்பம். ஆனால் அப்பம் இல்லை. அந்த அப்பத்தின் உருவம் கலையாமல் இருக்கிறவரை அவர் அதில் இருக்கிறார். வயிற்றுக்குள் போய்க் கரைந்தால் சரி. இங்கே கரையவில்லை, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. செத்தவர் வாயில் எச்சில் ஊறாது, இந்த வெயிலில் அப்பளமாகத்தான் காயும். ஆகவே சாமியார் வருகிறவரைக்கும் யாரும் தொடக் கூடாது, ஒப்பாரி வைக்கக் கூடாது. ஆண்டவர் எழுந்தருளியிருக்கிற இடத்தில் ஆராதனை மட்டும்தான்.

சாமியார் எப்போது வருவார் என்று லிபராத் கேட்டாள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் வருவார். அது சாயங்காலத்துக்குக் கிட்ட ஆகும்.

இப்படியாக ஒரு சாவு வீடு சத்தமில்லாமல் கிடந்தது. கோயிலில் சாவு மணி அடித்ததைக் கேட்டு ஊர் வந்தது. அழத் தயாராக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வாசலேறிய பெண்களைப் பொனிபாஸ் கையமர்த்தி, உள்ளே ஆண்டவர் என்று சொல்லி, முட்டிபோடவைத்தான். ஒரு முட்டியா இரண்டு முட்டியா என்று ஒரு கேள்வி வந்தது. கோயிலில் நன்மை வைத்திருக்கிற பேழை மூடியிருந்தால் ஒரு முட்டி, வெளியே தெரியும்படி வைத்திருந்தால் இரண்டு முட்டி என்பது சட்டம். பொனிபாஸ் இனாஸின் வாயைத் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு முட்டி என்றான்.

அடுப்பு வேலைக்கு இருந்த ஆட்கள் இரண்டு பேரும் மாவுக் கையோடு வந்து முட்டிபோட்டார்கள். இனாஸோடு கள்ளுக்கடையில் தினமும் சண்டை போட்ட தபால்காரர் முட்டிபோட்டார். இந்த வாயிலிருந்து வந்த வார்த்தைக்காகவே ஒரு வருஷம் இந்தத் தெருவில் நடக்காத பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா, இரண்டு முட்டியும் போட்டு நெஞ்சில் தட்டிக்கொண்டாள். லிபராத் பனையோலை விசிறியோடு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆண்டவர் முன்னால் விசிறலாமா என்று பொனிபாஸுக்குச் சந்தேகம் வந்தது. ஈ மொய்க்கலாமா என்று லிபராத் திருப்பிக் கேட்டாள். விசிறி தொடர்ந்தது.

பிறகு மிங்கேல் வந்தார். பியதாத்தின் கூடப்பிறந்த அண்ணன். அவரும் ரொட்டிக்காரர். தீவின் அந்தக் கோடியில் அடுப்புப் போட்டு, இனாஸ் ரொட்டி விற்ற தெருக்களில் பாதியைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து மச்சான்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. வீட்டு வாசலைப் பார்த்தே வருஷங்கள் ஆனவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார். எல்லோரும் தரையில் இருப்பதைப் பார்த்தார்.

"முட்டி போடுங்க," என்றான் பொனிபாஸ்.

"யாருக்கு?"

"ஆண்டவருக்கு."

"எங்க இருக்காரு?"

"இனாஸ் வாயில."

மிங்கேல் கட்டில் பக்கம் எட்டிப் பார்த்தார். "எனக்கு முட்டி தேஞ்சுபோச்சுடா பொனிபாஸ். கோயில்லயே நான் உக்காந்துதான் பூசை பாக்கறேன். இவன் உசுரோட இருந்தப்ப எவ்வளவோ செஞ்சான், இந்த முட்டியைப் போடவைக்க முடியல."

"இவருக்கு இல்ல. அவருக்கு."

"அவருக்குப் போட்டாலும் இவன் மூஞ்சிக்கு நேராத்தான போடணும்?"

"வாய் திறந்திருக்கு. ரெண்டு முட்டி."

"அப்ப வாயை மூடித் தொலைங்க. எனக்கு ஒரு முட்டியாவது மிச்சமாகும்."

பியதாத் அப்போதுதான் வாயைத் திறந்தாள். தான் அதைத்தான் முதலிலிருந்தே செய்யப் பார்ப்பதாகச் சொன்னாள். கைக்குட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "கோயில்ல பேழைக் கதவை நீ திறந்தா போட்டு வெச்சிருக்க, பொனிபாஸ்? மூடித்தான வெச்சிருக்க? நான் மூடினா மட்டும் ஆண்டவருக்கு மூச்சு முட்டுமா?"

பொனிபாஸ் தடுமாறினான். பரீட்சையில் இந்தக் கேள்வி வரவில்லை. யோசித்து, பேழையை மூடுவதும் பூட்டுவதும் சாமியார் வேலை, பெண்பிள்ளைகள் வேலை இல்லை என்றான். மிங்கேல் முனகிக்கொண்டே தங்கையின் தோளைப் பிடித்து இரண்டு முட்டியும் போட்டார்.

அதற்குமேல்தான் பொனிபாஸ் அந்த வார்த்தையைச் சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத சுபாவம். நன்மை வாங்குவது என்றால் உட்கொள்வது, நாக்கில் வைத்தது கணக்கில்லை, தொண்டைக்குள் இறங்கினால்தான் வாங்கியது என்றான். அப்படிப் பார்த்தால் இனாஸ் அண்ணன் நன்மை வாங்கவில்லை என்றுதான் ஆகும்.

விசிறி நின்றது. பியதாத் அவனைப் பார்க்கவில்லை. கட்டிலில் இருந்த வாயையே பார்த்தாள். வாசல் மண்டபத்திலேயே நின்ற மனுஷன், கடைசியில் ஆண்டவரையும் வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டுப் போய்விட்டாரா? இது மட்டும் தெரிந்தால் போதும் அவளுக்கு. மற்ற எதையும் தாங்கிக்கொள்வாள். அழவும் முடியவில்லை. அழுகை நெஞ்சுக்குழிவரை வந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

கொஞ்ச நேரத்தில் மிங்கேல் மூக்கைச் சுருக்கினார். தலையைத் திருப்பித் திருப்பி முகர்ந்தார்.

"அடுப்புல யாரு இருக்கா?" என்றார்.

அடுப்பு ஆட்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலை இரண்டாம் ஈட்டு ரொட்டியை உள்ளே தள்ளிவிட்டு அப்படியே வந்துவிட்டிருந்தார்கள்.

மிங்கேல் எழுந்த வேகத்தைப் பார்த்தவர்கள் அவர் முட்டியைப் பற்றி அப்புறம் நம்பவில்லை. கொல்லைக்கு ஓடி, நீளக்காம்புத் துடுப்பை எடுத்து, அடுப்பு வாயைத் திறந்து, தவிட்டு ரொட்டிகளை வாரி வாரி வெளியே போட்டார். ஓரத்தில் இருந்தவை கருகிவிட்டன. நடுவில் இருந்தவை தப்பின. சாம்பலைத் தட்டி, சூடு பார்த்து, மூங்கில் கூடையில் சாக்கு விரித்து அடுக்கினார். கள் வாசனையும் தவிட்டு வாசனையும் வீடு முழுக்க வந்தது. ஊருக்கு ரொட்டி போகாமல் இருக்கக் கூடாது என்று அடுப்பு ஆட்களில் ஒருவனைச் சைக்கிளில் ஏற்றி அனுப்பினார், இனாஸின் தெருக்களுக்குத்தான். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில், எவரும் சொல்லாமலே, முட்டிபோட்டார்.

மதியம் போயிற்று. ஒருவரும் சாப்பிடவில்லை. லிபராத் கொண்டுவந்த கஞ்சி ஆறிப்போய்க் கிடந்தது. ஆண்டவர் முன்னால் கஞ்சி குடிப்பதா என்ற கேள்வியை எழுப்பத் தெம்பில்லாமல் பொனிபாஸே சுவரில் சாய்ந்துவிட்டான். ஜெபமாலை ஐந்து தடவை சுற்றிவந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் அர்க்காஞ்சு சாமியார் வந்தார். தண்ணீர் முழுசாக ஏறுகிறவரை பொறுக்காமல் நடுவிலேயே இறங்கி நடந்திருக்க வேண்டும், முழங்கால்வரை சேறு. வழியிலேயே கதை அவர் காதுக்கு வந்திருந்தது. வாசலில் பொனிபாஸ் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். சாமியார் கேட்டுக்கொண்டே கால் கழுவினார். காலையிலிருந்தா எல்லோரும் முட்டிபோட்டு இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

உள்ளே போனார். அவரும் இரண்டு முட்டியும் போட்டார். பிறகு எழுந்து, விளக்கொன்றும் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரும் கேட்டார். லிபராத் கொண்டுவந்து கொடுத்தாள். சாமியார் குனிந்து, விரலை விட்டு, மேல்செட்டைப் பிடித்து இழுத்தார். அது ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது. தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

செட்டைத் திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்தார். ரோஸ் நிறத் தட்டின் உள்வளைவில் அப்பம் ஒட்டியிருந்தது. முழுசாக இல்லை. பிறைபோல, பாதி. காய்ந்து, ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. சாமியார் விளக்கை வாங்கி நாக்கின் மேல், நாக்கின் கீழ், இரண்டு கன்னத்தின் உள்ளே என்று வெகுநேரம் பார்த்தார். மற்றப் பாதி இல்லை.

"முழுங்கியிருக்காரு," என்றார்.

"பாதியைத்தான்," என்றான் பொனிபாஸ்.

"பாதின்னு ஒண்ணு கிடையாது. நீ முதலாவதா வந்தவன் தானே? பிட்டா என்ன ஆகும், சொல்லு."

பொனிபாஸ் சுவரிலிருந்து நிமிர்ந்தான். பள்ளிக்கூடப் பையன் குரலில் ஒப்பித்தான். "ஒவ்வொரு துணுக்கிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார்."

"அப்ப இனாஸ் என்ன வாங்கினாரு?"

பொனிபாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "முழுசா," என்றான்.

"பாதி ரொட்டியைக் குடுத்துட்டு முழு ரொட்டின்னு நான் சொன்னா, ஊரு என்னைத் தீவுல விட்டுவைக்குமா?" என்றார் மிங்கேல், தரையில் இருந்தபடியே. யாரோ சிரித்தார்கள். சாமியாரும்தான்.

பியதாத் சிரிக்கவில்லை. கேட்டதை இன்னொரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். "அப்ப அவரு வாங்கிட்டாரு. ஒண்ணும் குறையல."

"ஒண்ணும் குறையல, பியதாத்."

சாமியார் செட்டைத் தம்ளருக்குள் விட்டு விரலால் தேய்த்தார். அப்பம் ஊறி, இளகி, தண்ணீரில் சின்னத் துணுக்குகளாக மிதந்தது. செட்டைத் துடைத்து மெத்தையில் வைத்தார். தம்ளரைக் கையில் எடுத்தார். அதன்பின் அறையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கீழே கொட்ட முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். முழுசாகக் கரைகிறவரை கோயிலில் வைத்திருந்து, யாரும் மிதிக்காத மண்ணில் ஊற்றலாம். இல்லையென்றால் குடித்துவிட வேண்டும். பூசைப் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சாமியார் தினமும் குடிக்கிறவர்தான். இது இனாஸின் பல் கழுவிய தண்ணீர். தம்ளரைக் கொஞ்சம் உயர்த்தினார். மறுபடி இறக்கினார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"குடுங்க சாமி," என்றாள் பியதாத்.

"உனக்கு…"

"கல்யாணமான நாள்லேருந்து அவரு மிச்சம் வெச்சதை நான்தான் முடிக்கிறேன். இன்னிக்கி மட்டும் நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

வெறும் வயிற்றோடு இருக்கிறாளா, சாப்பிட்டிருந்தால் வாங்கக் கூடாதே என்று பொனிபாஸ் ஆரம்பித்தான். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை என்று லிபராத் விசிறியை அவன் பக்கம் நீட்டிச் சொன்னாள். சாமியார் கொஞ்சம் யோசித்தார். பிறகு பியதாத்தின் முன்னால் வந்து நின்றார். அவள் கட்டில் ஓரமாக, இனாஸின் தோளை ஒட்டி முட்டிபோட்டாள். இந்தத் தடவை நடுவில் இடம் விடவில்லை.

"கிறிஸ்துவின் உடல்," என்றார் சாமியார்.

"ஆமென்," என்று சொல்லி வாங்கிக் குடித்தாள். தம்ளரை ஆட்டி, அடியில் ஒட்டியிருந்ததையும் சேர்த்துக் குடித்தாள். கீழே வைத்தாள். கைக்குட்டையை எடுத்து அவர் தாடையைக் கட்டினாள். அது விறைத்துப்போய், பாதிதான் மூடியது. அவள் அழுத்திப் பார்த்தாள். மூடவில்லை. அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்துக்காகக் காலையிலிருந்து காத்திருந்த பெண்கள் எல்லோரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். வாத்தியாரம்மாதான் எல்லோரையும்விட உரக்க அழுதாள். பொனிபாஸ் மூலையில் நின்று மூக்கைச் சிந்தினான். மிங்கேலை இரண்டு பேர் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது; நின்றதும் மச்சானின் காலைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அழுகை ஓய்ந்து, இனாஸைக் குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருந்தபோது, லிபராத் பக்கத்தில் நகர்ந்துவந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பியதாத்," என்றாள் மெதுவாக. "எப்படி இருந்துச்சு?"

பியதாத் யோசித்தாள். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

"கிணத்துத் தண்ணிதான்," என்றாள். "கொஞ்சம் உப்பு. மே மாசம்ல."